டெரெட்: ஹொய்சளர், இந்துச் சட்டம், அப்புறம் புதிய ஏற்பாடு. இது ஒரே ஆளின் ஒரே வேலையா?

#1 கீழவீதி

வணக்கம். எல்.எல்.எம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், அரசியலமைப்புச் சட்டம். ஆய்வேடு 'அத்தியாவசிய மத நடைமுறை' என்ற சோதனையைப் பற்றி. ஒரு மதப் பழக்கத்துக்கு அரசியலமைப்பின் பாதுகாப்பு உண்டா என்று பார்க்க, அது அந்த மதத்துக்கு அத்தியாவசியமா என்று நீதிமன்றம் கேட்கிறதே, அதுதான்.

வழிகாட்டிக்கு என் முன்வரைவு பிடிக்கவில்லை. "இது பொதுச் சட்டமா, அறவியலா, மத ஆய்வா? ஒன்றைப் பிடி. மூன்றையும் பிடித்தால் எந்தத் துறையும் உன்னைத் தன் ஆள் என்று சொல்லாது" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதே நேரத்தில் ஜே. டங்கன் எம். டெரெட் பற்றிப் படித்துக் குழம்பிப் போயிருக்கிறேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1922இல் பிறந்த ஆங்கிலேயர். ஆய்வுப் பட்டம் ஹொய்சள அரச குடும்பத்தின் வரலாற்றில். 1957இல் நூலாக வந்தது. (நம் சமயபுரம் பக்கம் கண்ணனூரில் 13ஆம் நூற்றாண்டில் தலைநகர் வைத்திருந்தார்களே, அதே ஹொய்சளர்.) பிறகு லண்டனில் இந்துச் சட்டம் கற்பித்தார். 1965 முதல் 1982 வரை லண்டன் பல்கலைக்கழகத்தில் கீழைநாட்டுச் சட்டங்களின் பேராசிரியர். 1968இல் இந்தியாவில் மதம், சட்டம், அரசு பற்றி ஒரு பெரிய நூல். இரண்டே வருடம் கழித்து, 1970இல், புதிய ஏற்பாட்டில் உள்ள சட்டம் பற்றி இன்னொரு பெரிய நூல்! அதற்குப் பிறகு சுவிசேஷங்கள், யூத மரபு, பௌத்தம் என்று எழுதிக்கொண்டே போனார். 2012இல் காலமானார்.

என் கேள்வி இதுதான். இது அலைந்து திரிந்த வாழ்க்கையா, இல்லை உள்ளே ஒரே நூல் ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் எது?

#2 மேலமாசி_வக்கீல்

தங்கச்சி, உங்கள் வழிகாட்டி கட்சிதான் நான்.

மதுரைக் கிளையில் அறநிலையத்துறை வழக்குகள் நிறையப் பார்க்கிறேன். சட்டக்காரர்கள் மதத்துக்குள் மூக்கை நுழைத்ததன் பலனைத் தினமும் அனுபவிக்கிறோம். ஒரு கோயிலில் மரியாதை யாருக்கு முதலில் என்று வழக்கு. இரண்டு தரப்பும் ஆளுக்கொரு புராணத்தை ஆவணமாகப் போடுகிறது. நீதிபதி நேற்று வரை மோட்டார் விபத்து இழப்பீடு பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் எப்படி எது அத்தியாவசியம், எது இல்லை என்று சொல்வார்?

1961இல் அஜ்மீர் தர்கா வழக்கில் நீதிபதி கஜேந்திரகட்கர் என்ன எழுதினார்? மதப் பழக்கம் என்று சொல்லப்படுவது வெறும் மூடநம்பிக்கையிலிருந்தும் வந்திருக்கலாம், அப்படிப்பட்டவை பிற்காலத்தில் ஒட்டிக்கொண்டவை, அவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது என்ற பொருளில். எது ஒட்டிக்கொண்டது, எது அசல் என்று பிரிப்பது யார் வேலை? நீதிமன்றம் வேறு, ஆதீனம் வேறு இல்லையா?

இந்த மாதிரி யோசனைக்கெல்லாம் தீனி போட்டது டெரெட் போன்ற 'எல்லாம் தெரிந்த' பேராசிரியர்கள்தான் என்பது என் எண்ணம்.

#3 பனையோலை

மேலமாசி ஐயா, கடைசி வரியை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். நடந்தது தலைகீழ்.

நான் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். இதை வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

1954, சிரூர் மடம் வழக்கு. உடுப்பியின் எட்டு மடங்களில் ஒன்று சிரூர். அன்றைக்குத் தென் கன்னட மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்தது. கிருஷ்ணர் கோயில் பூசைப் பொறுப்பு எட்டு மடங்களுக்கும் முறை வைத்து இரண்டிரண்டு ஆண்டுகள் வரும், பர்யாயம் என்பார்கள். அந்தச் செலவில் மடம் கடனில் விழுந்தது, அறநிலைய வாரியம் தலையிட்டது, மடாதிபதி வழக்குப் போட்டார். இடையில் 1951ஆம் ஆண்டுச் சென்னை அறநிலையச் சட்டம் வந்துவிட்டதால் அதையே எதிர்த்தார்.

ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு. தீர்ப்பை எழுதியவர் பி.கே. முகர்ஜி. இந்து அறக்கொடைச் சட்டத்தில் அவர் நிகழ்த்திய தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் இன்றும் நூலாகப் புழங்குகின்றன. அதாவது நீதிபதி இருக்கையில் இருந்தவரே சட்டம், சமயம் இரண்டும் படித்த ஆள். அவர் சொன்னது என்ன? ஒரு மதத்தின் அத்தியாவசியப் பகுதி எது என்பதை முதன்மையாக அந்த மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று. இது மதத்துக்கு இடம் விட்ட வாக்கியம், நீதிபதிக்கு அதிகாரம் கொடுத்த வாக்கியம் அல்ல. அதே தீர்ப்பில் மடங்களிடம் அரசு வாங்கிய ஆண்டுப் பங்களிப்பு கட்டணம் அல்ல, வரி. மாநிலச் சட்டமன்றத்துக்கு அதை விதிக்கும் அதிகாரம் இல்லை என்றும் சொன்னார். அதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

ஏழே ஆண்டில் அஜ்மீர் தர்கா வழக்கில் அந்த வாக்கியம் திரும்பிவிட்டது. மதத்திடம் கேட்டு அறிவது போய், மதத்தைச் சலித்துப் பார்ப்பது வந்தது. 1966இல் சத்சங்கிகள் (சுவாமி நாராயணரைப் பின்பற்றுவோர்) வழக்கில் அதே கஜேந்திரகட்கர் இந்து மதம் என்றால் என்ன என்றே விளக்கம் எழுதினார்.

இப்போது டெரெட். அந்த 1968 நூலில் அவர் இந்தப் போக்கைத்தான் கடிந்துகொள்கிறார். நீதிமன்றத்துக்குத் திருப்தி ஏற்படும்படி நிரூபிக்காத எதையும் அத்தியாவசியம் இல்லை என்று ஒதுக்கிவிடலாம், ஒதுக்கிவிட்டால் அதற்கு அரசியலமைப்புப் பாதுகாப்பே இல்லாமல் போகும் என்பது அவர் சொன்னதன் சாரம். நீங்கள் மேலே கேட்டதும் இதே கேள்விதானே? அவர் அரை நூற்றாண்டுக்கு முன்பே கேட்டுவிட்டார். கேட்க முடிந்ததற்குக் காரணம், தர்மசாத்திர உரைகளை மூலத்தில் படித்தவர் என்பதுதான். உரையாசிரியர்கள் ஒருவரை ஒருவர் எப்படி மறுக்கிறார்கள் என்று தெரிந்தவருக்கு, 'மதம் சொல்கிறது' என்று ஒற்றை வரியில் ஒரு தீர்ப்பு சொல்லும்போது எங்கே இடிக்கிறது என்று உடனே தெரியும்.

#4 மேலமாசி_வக்கீல்

சரி, அந்தக் குற்றச்சாட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கேள்வி நிற்கிறது. அவருக்கு அந்தப் படிப்பு இருந்தது. நீதிபதிக்கு இல்லை. அப்போது சட்டக்காரர் மதத்தை விட்டு விலகி நிற்பதுதானே நல்லது? 2018 சபரிமலைத் தீர்ப்பில் நீதிபதி இந்து மல்ஹோத்ராவின் மாறுபட்ட தீர்ப்பும் ஏறக்குறைய இதைத்தானே சொன்னது, எது அத்தியாவசியம் என்பதை அந்தச் சமயத்தாரே முடிவு செய்யட்டும் என்று?

#5 ரெண்டுங்கெட்டான்

டெரெட் பற்றிய இழையில் சபரிமலை நாலாவது பதிவிலேயே வந்துவிட்டது. நான் பத்தாவதில் வரும் என்று பந்தயம் கட்டியிருந்தேன்.

#6 கூடல்நதி

இறையியல் கல்லூரியில் படிக்கிறேன். எங்களுக்கு டெரெட் இந்துச் சட்ட ஆள் என்பதே தெரியாது. புதிய ஏற்பாட்டு ஆசிரியர் என்றுதான் அறிமுகம். அதனால் இந்த இழை எனக்கு விநோதமாக இருக்கிறது.

ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன், உள்ளே ஓடும் நூல் எது என்று கேட்டதற்கு அதில் விடை இருக்கும்.

லூக்கா 16ஆம் அதிகாரம், அநீதியுள்ள உக்கிராணக்காரன் உவமை. பிரசங்கம் செய்கிறவர்களுக்குத் தலைவலி பிடித்த பகுதி. ஓர் ஐசுவரியவானின் காரியஸ்தன் மேல் புகார் வருகிறது, வேலை போகப் போகிறது. அவன் முதலாளியின் கடன்காரர்களைக் கூப்பிட்டு, நூறு அளவு எண்ணெய் பாக்கி என்று எழுதியிருப்பவனிடம் ஐம்பது என்று மாற்றி எழுது என்கிறான். நூறு அளவு கோதுமை பாக்கிக்காரனிடம் எண்பது என்று எழுது என்கிறான். கதையின் முடிவில் முதலாளி அவனைத் திட்டவில்லை, புத்தியாய்ச் செய்தான் என்று மெச்சுகிறான்! திருட்டுக்கணக்கு எழுதினவனை எஜமான் பாராட்டுவதை வைத்து எப்படி நீதி போதிப்பது? இயேசு இங்கே கேலியாகப் பேசினார் என்றெல்லாம் சமாளித்தவர்கள் உண்டு.

1961இல் டெரெட் ஒரு கட்டுரை எழுதினார். அதை அவர் பக்திப் பகுதியாகப் படிக்கவில்லை. கடன் பத்திரமாகப் படித்தார். கேட்ட கேள்விகள் எல்லாம் வக்கீல் கேள்விகள். இந்தக் காரியஸ்தனுக்கு முதலாளி சார்பில் கடன் கொடுக்க அதிகாரம் இருந்ததா? இருந்தது. யூதச் சட்டத்தில் சக யூதனிடம் வட்டி வாங்கலாமா? கூடாது. அப்படியானால் வட்டியை எங்கே ஒளித்தார்கள்? அசலோடு சேர்த்து, மொத்தமும் பொருளாகக் கொடுக்க வேண்டிய கடன் என்று பத்திரத்தில் எழுதி. எண்ணெயில் ஐம்பது அசல், ஐம்பது மறைந்த வட்டி. கோதுமையில் எண்பது அசல், இருபது வட்டி. எண்ணெயைக் கலப்படம் செய்வது சுலபம், அதனால் அதற்கு விகிதம் அதிகம் என்பது அவர் விளக்கம்.

இப்போது கதையைப் பாருங்கள். காரியஸ்தன் செய்தது வட்டியைத் தள்ளுபடி செய்தது. அதாவது வேதச் சட்டப்படி செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறான். முதலாளியின் நிலை என்ன? வட்டி வாங்கிய பாவத்தை இதுவரை ஏஜென்ட் தலையில் போட்டு, தனக்குத் தெரியாது என்று இருந்துவிடலாம். தப்புக் காரியத்துக்கு முகவராண்மை கிடையாது என்பது அந்தச் சட்டம். இப்போது 'தள்ளுபடி செல்லாது' என்று அவன் மறுத்தால் வட்டி வாங்கியதை ஊரறிய ஒப்புக்கொண்ட மாதிரி. பேசாமல் ஏற்றுக்கொண்டால் தர்மவான் என்ற பெயர் சும்மா வருகிறது. மெச்சாமல் என்ன செய்வான்?

எனக்கு இதை முதல் முறை படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. அத்தனை கச்சிதம்.

#7 மேலமாசி_வக்கீல்

அடேயப்பா. இது எங்கள் ஊர் கந்துவட்டிப் பிராமிசரி நோட்டேதான். ஐம்பதாயிரம் கொடுத்துவிட்டு ஒரு லட்சம் பெற்றுக்கொண்டதாக எழுதி வாங்குவது. அந்த ஆளுக்கு விசாரணை நீதிமன்ற மூளை இருந்திருக்கிறது.

ஆனால் குறுக்கு விசாரணை ஒன்று. உவமையில் வட்டி என்ற சொல்லே இல்லையே? இல்லாததை நிரப்பி எழுதுவது நல்ல வாதம், சாட்சியம் ஆகாது.

#8 கூடல்நதி

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அவர் மேல் வந்த முக்கியமான விமர்சனமே அதுதான். புதிய ஏற்பாட்டு அறிஞர் ஜோசஃப் ஃபிட்ஸ்மையர் அதை அடியொற்றிப் போய், குறைத்தது காரியஸ்தனின் சொந்தக் கமிஷனை என்று சற்று வேறு மாதிரி சொன்னார். இன்னும் பலர், கதை கேட்ட கலிலேயக் குடியானவர்களுக்கு இத்தனை சட்ட நுணுக்கம் தெரிந்திருக்குமா என்று கேட்டார்கள். கடன்பட்டவனுக்குப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது நன்றாகவே தெரியும் என்பது என் பதில். ஆனாலும் டெரெட்டுக்கு எல்லா உவமைக்குள்ளும் ஒரு சட்டப்பிரிவு கிடைத்துவிடுவது சில நேரம் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

#9 பனையோலை

கூடல்நதி எழுதியது அருமை. அம்மா கீழவீதி, உங்கள் கேள்விக்குப் பாதி விடை அங்கே இருக்கிறது. அவர் துறை மாறவே இல்லை. 'இந்த வாசகத்தை வைத்து யார் யாரிடம் எதைக் கேட்க முடியும்' என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லா இடத்திலும் கேட்டார்.

இன்னொரு பாதி விடை மதுரையில் இருக்கிறது. மேலமாசி ஐயாவுக்குப் பிடிக்கும்.

பிரிட்டிஷார் 1772இல், வாரன் ஹேஸ்டிங்ஸ் திட்டப்படி, வாரிசுரிமை, திருமணம் போன்றவற்றில் இந்துக்களுக்குச் சாத்திரப்படித் தீர்ப்பு என்று வைத்தார்கள். நீதிமன்றத்தில் பண்டிதர்களை உட்கார வைத்தார்கள். 1864இல் பண்டிதர்களை அனுப்பிவிட்டு, நூலும் முன் தீர்ப்பும் எங்களுக்குப் போதும் என்றார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1868இல், லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்கு ராமநாதபுரம் ஜமீன் வழக்கு போகிறது. ஒரு பக்கம் மதுரை கலெக்டர், மறுபக்கம் முத்துராமலிங்க சேதுபதி. கணவன் அனுமதி கொடுக்காமல் இறந்துபோனால், சபிண்டர்களின் (கணவனின் நெருங்கிய ரத்த உறவினர்களின்) சம்மதத்தோடு விதவை சுவீகாரம் எடுக்கலாமா என்பது கேள்வி. தென்னாட்டில் எடுக்கலாம் என்று தீர்ப்பு. இந்துச் சட்டத்தில் தெளிவாக நிரூபித்த வழக்கம் எழுதிய வாசகத்தை விஞ்சும் என்ற புகழ்பெற்ற கோட்பாடு அந்தத் தீர்ப்பில்தான் வருகிறது.

சொன்னது நல்ல கோட்பாடு. நடைமுறையில் வழக்கத்தை நிரூபிக்கும் பாரம் வழக்காடுகிறவன் தலையில். முடியாதவனுக்கு மிதாட்சரம் என்ற சமஸ்கிருதச் சட்ட உரைதான். இதை எதிர்த்துக் கத்தியவர் ஜே.எச். நெல்சன். 1868இல் மதுரை நாட்டைப் பற்றிய மானுவல் எழுதினாரே, அதே ஆங்கிலேய அரசு அதிகாரி நெல்சன். தமிழ்நாட்டின் பெரும்பாலான சாதிகளுக்குக் கேள்விப்படாத சமஸ்கிருதச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் திணிக்கிறது என்று 1870களில் எழுதினார். நீதிபதி இன்னெஸ் மறுத்து எழுதினார். பிறகு நெல்சனை எல்லோரும் மறந்தார்கள். 1961இல் அவரை 'மறக்கப்பட்ட நிர்வாகி, வரலாற்றாசிரியர்' என்று தூசி தட்டி எடுத்து ஒரு கட்டுரை எழுதியது யார்? டெரெட். உக்கிராணக்காரன் கட்டுரை வந்த அதே ஆண்டு.

சாத்திரத்தைக் கரைத்துக் குடித்த ஒருவர், சாத்திரம் இவர்களுக்குப் பொருந்தாது என்று சொன்ன ஆளைத் தேடிப் பிடித்து எழுதுகிறார் பாருங்கள். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

#10 வடமராட்சி

யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு சின்னக் குறிப்பு. எங்களிடம் வழக்கம் சட்டமான கதை வேறு மாதிரி. 1707இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தார், உள்ளூர்த் தலைவர்களான முதலியார்கள் பார்த்துச் சரி என்றார்கள். பண்டிதரும் இல்லை, மிதாட்சரமும் இல்லை. ஆனால் ஒருமுறை எழுதி வைத்ததும் வழமை அந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. அதுவும் ஒரு வில்லங்கம்தான்.

மதமும் பொதுச் சட்டமும் என்றால் இங்கே அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. 2003இல் மென்சிங்கன் கன்னியர் சபையைச் சட்டமூலம் மூலம் கூட்டிணைக்க (சட்டப்படி ஒரு நிறுவனமாக்க) முயன்றபோது உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. 2005இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அது உரிமை மீறல் என்றது. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வேண்டுமென்றால் ஆய்வேட்டில் ஒரு அடிக்குறிப்பாவது போடுங்கோ.

#11 கீழவீதி

எல்லோருக்கும் நன்றி. வடமராட்சி அண்ணா, அடிக்குறிப்பு உறுதி.

பனையோலை ஐயா, பொதுச் சட்டம் புரிகிறது, சமயம் புரிகிறது. அறம் எங்கே வருகிறது? வாசகத்தை வைத்து யார் எதைக் கேட்க முடியும் என்பது முழுக்கச் சட்டக் கேள்வி அல்லவா? கேட்டது சரியா என்ற கேள்வியை அவர் எங்காவது எதிர்கொண்டாரா?

#12 பனையோலை

எதிர்கொண்டார். 1976இல் திருமணச் சட்டங்கள் திருத்தம் வந்தது. 1978இல் அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு திருமணச் சட்டத்தின் மரணம் என்று தலைப்பு, ரிஷிகளுக்குக் கல்லறை வாசகம் என்று துணைத் தலைப்பு. திருமணம் ஒரு சம்ஸ்காரம், அதாவது புனிதச் சடங்கு, என்ற சாத்திரக் கருத்து அந்தத் திருத்தத்தோடு முடிந்துபோனது என்பது அவர் பார்வை. இரண்டாயிரம் ஆண்டு அறச் சிந்தனையை யாரும் சரியாக விவாதிக்காமல் கழற்றி வைத்துவிட்டார்கள் என்ற வருத்தம். அந்த வருத்தத்தில் அறம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

#13 வெள்ளாறு

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தப் பதிவுக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடுகிறேன்.

1976 திருத்தம் என்ன செய்தது என்று முதலில் சொல்லிவிடலாமே. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் கொடுமைக்கும் கைவிட்டதற்கும் நேராக விவாகரத்து கிடையாது. நீதிமுறைப் பிரிவினை மட்டும்தான். அடி வாங்கினவள் சட்டப்படி அடித்தவனுக்கு மனைவியாகவே இருக்க வேண்டும். 1976 அவற்றை விவாகரத்துக்கான காரணம் ஆக்கியது. 13பி பிரிவின் மூலம் இருவர் சம்மதத்தில் பிரிய வழி விட்டது. இன்றைக்கு என் மேசைக்கு வரும் பெண்களில் பாதிப் பேருக்கு அந்தப் பிரிவுதான் வாசல். ரிஷிகளுக்கு இரங்கற்பா பாடுகிறவர் இவர்களில் ஒருத்தியையாவது நினைத்தாரா?

இன்னொன்று. தமிழ்நாட்டு ரிஷிகளுக்கு மரணம் 1976இல் வரவில்லை. 1950களின் தொடக்கத்தில் தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்றது. சடங்கும் இல்லை, தொன்றுதொட்ட வழக்கமும் இல்லை, ஆகவே திருமணமே இல்லை. ராமநாதபுரம் வழக்கின் 'தெளிவாக நிரூபித்த வழக்கம்' என்ற கோட்பாடு இங்கே எப்படித் திரும்புகிறது பாருங்கள். புதிதாக ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்குகிறவனுக்கு அதில் இடமே இல்லை. மனசாட்சிப்படி மாலை மாற்றிக்கொண்ட ஆயிரக்கணக்கான தம்பதிகள், அவர்கள் பிள்ளைகள் எல்லோரும் சட்டத்தின் கண்ணில் அந்தரத்தில் நின்றார்கள். அண்ணா ஆட்சிக்கு வந்து 7ஏ பிரிவைச் சேர்த்தார், 1968 ஜனவரியில் அமலுக்கு வந்தது, அதற்கு முன் நடந்த திருமணங்களுக்கும் சேர்த்து. அறம் எங்கே என்று கேட்டீர்களே கீழவீதி, எனக்கு அது அங்கே இருக்கிறது. வாசகம் படித்தவர் வருத்தப்பட்டதில் இல்லை.

#14 பனையோலை

வெள்ளாறு அம்மா, நீங்கள் சொல்வதில் ஒரு வரியைக்கூட மறுக்க மாட்டேன். டெரெட்டைப் பாராட்டும்போது நான் கொஞ்சம் வழுக்கிப் போகிறேன் என்பது மாணவர்கள் எப்போதும் சொல்வது. ஒன்று மட்டும்: அவர் திருத்தத்தைக் குறை சொன்னது பழையதை அப்படியே வைத்துக்கொள்ளச் சொல்வதற்காக அல்ல என்றுதான் நான் படித்தேன். எதை இழக்கிறோம் என்று தெரியாமல் இழக்கிறீர்கள் என்பது அவர் வாதம்.

#15 வெள்ளாறு

இழந்தது யார் என்பதுதான் ஐயா என் வாதம். சரி, இதற்கு மேல் போனால் கீழவீதியின் இழை கெட்டுவிடும்.

கீழவீதி, அறத்தைத் தனி அத்தியாயமாக வைக்காதீர்கள், அவ்வளவுதான். கடைசி அத்தியாயத்தில் 'அறநோக்கில் மதிப்பீடு' என்று பத்துப் பக்கம் எழுதி ஒட்டுவார்கள். யாரும் படிப்பதில்லை.

#16 ரெண்டுங்கெட்டான்

என் ஆய்வேட்டில் அந்தப் பத்துப் பக்கம் இருந்தது. அக்கா சொல்வது நிஜம், நானே படித்ததில்லை.

#17 மேலமாசி_வக்கீல்

இவ்வளவு நேரம் எதிர்க்கட்சியில் உட்கார்ந்திருந்தேன். இப்போது யோசனை ஒன்று சொல்கிறேன்.

சேஷம்மாள் வழக்கை எடுங்கள், 1972. அதை மட்டும். தமிழ்நாடு அரசு பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் கொண்டுவந்தது. அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் நேராக உச்ச நீதிமன்றம் போனார்கள். தீர்ப்பை நீதிபதி பாலேகர் எழுதினார். சட்டம் செல்லும் என்றார். காரணம்? அர்ச்சகர் கோயிலின் ஊழியர், அறங்காவலர் அவரை நியமிப்பது மதச் சார்பற்ற செயல். இது சுத்தமான பொதுச் சட்டம். ஆனால் அதே தீர்ப்பில், ஆகமப்படி இன்ன பிரிவினர் மட்டுமே மூலவரைத் தொடலாம், வேறு ஒருவர் தொட்டால் தீட்டு, அதை மீறி நியமித்தால் அது மத உரிமையில் தலையிடுவது என்றும் வருகிறது. ஒரு கையில் கொடுத்ததை இன்னொரு கை வாங்கிக்கொண்டது. இந்த இரண்டாவது பகுதிக்கு ஆதாரம் என்ன என்று போய்ப் பாருங்கள். வைகானசம் என்ற வைணவ ஆகம மரபை அறிந்த ஒருவரின் பிரமாணப் பத்திரம் பெரிய பங்கு வகிக்கிறது. மறுதரப்பில் ஆகமம் அறிந்த யாரையாவது குறுக்கு விசாரணை செய்தார்களா? ரிட் மனுவில் அதற்கு ஏது வழி?

2006இல் தகுதியுள்ள எந்தச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை போட்டபோது, மறுபடி வழக்கு. 2015 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அரசாணையை ரத்தும் செய்யவில்லை, முழுதாக விடவும் இல்லை. ஒவ்வொரு கோயிலுக்கும் ஆகமப்படி பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. எங்களுக்கு வருமானம், வேறென்ன.

தீட்டு என்ற அந்த ஒரு பத்தியில் உங்கள் மூன்று துறையும் இருக்கிறது. ஆகமம் உண்மையில் அப்படித்தான் சொல்கிறதா என்பது சமயம். நீதிமன்றம் அதைத் தீர்மானிக்கலாமா என்பது பொதுச் சட்டம். ஒரு மனிதன் கை பட்டால் தீட்டு என்பதை, தீண்டாமையை ஒழித்த 17ஆம் உறுப்புரை உள்ள நாட்டில் ஒரு நீதிமன்றம் எழுதலாமா என்பது, வெள்ளாறு சொன்ன மாதிரி, கடைசி அத்தியாயத்துக்குத் தள்ளக்கூடாத கேள்வி.

#18 பனையோலை

மேலமாசி ஐயா, என் வகுப்பில் நீங்கள் இருந்திருக்க வேண்டும்.

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். 17ஆம் உறுப்புரையைச் சாதிக்கு வெளியேயும் தீட்டு என்ற கருத்துக்கு எதிராக நீட்டியவர் சபரிமலையில் நீதிபதி சந்திரசூட். அதே தீர்ப்பில் அத்தியாவசியச் சோதனையையே விட்டுவிடலாம் என்ற பக்கமும் சாய்கிறார். 2022 ஹிஜாப் வழக்கில் நீதிபதி தூலியா அந்தச் சோதனைக்குள் போகவே தேவையில்லை என்று ஒதுக்கிவிட்டு, விருப்பம், கண்ணியம் என்று எழுதினார். டெரெட் 1968இல் தொட்ட இடத்துக்கு நீதிமன்றம் மெதுவாக வருகிறது, ஆனால் அவர் வந்த வழியில் அல்ல. சாத்திரத்தை ஆழப் படித்து வரவில்லை, சாத்திரத்தைக் கேட்காமலே வருகிறது. இது நல்லதா என்பதில் எனக்கும் வெள்ளாறு அம்மாவுக்கும் சண்டை வரும்.

#19 கீழவீதி

சேஷம்மாள் எடுக்கிறேன். வழிகாட்டியிடம் 'பொதுச் சட்டம்' என்றே பதிவு செய்யப் போகிறேன், டெரெட் இருக்கையின் பெயரிலும் சட்டம்தானே இருந்தது.

மேலமாசி அண்ணா, அந்த மனுக்களோடு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரங்களை முழுதாகப் பார்க்க வழி உண்டா? தீர்ப்பில் எடுத்தாண்ட பகுதி மட்டும் போதாது என்று தோன்றுகிறது.

#20 மேலமாசி_வக்கீல்

போதாது. உச்ச நீதிமன்றப் பதிவுத்துறைக்கு நகல் கேட்டு மனுப் போட வேண்டும், வழக்கில் தரப்பினர் இல்லாதவர் என்பதால் காரணம் எழுதிக் கேட்க வேண்டும். இத்தனை பழைய கோப்பு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதற்கு முன் சென்னையில் மூத்த வழக்கறிஞர்களின் அலுவலகங்களில் விசாரியுங்கள். வழக்கு ஆவணங்களைத் தொகுத்து அச்சடித்த பேப்பர் புத்தகத்தைச் சிலர் பைண்டு பண்ணி வைத்திருப்பார்கள். தனிச்செய்தியில் இரண்டு பேரைச் சொல்கிறேன். போகும்போது கல்லூரிக் கடிதம் எடுத்துப் போங்கள், இல்லையென்றால் குமாஸ்தா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.